மேல்தண்ணி

சீமெந்துக்கு நல்ல தண்ணீரும் மனிதருக்குச் சவர்த்தண்ணீரும் கொடுத்து வீடு கட்டிய ஆள் எங்கள் குறிச்சியில் ஸைனுலாப்தீன் காக்கா ஒருவர்தான். உப்புத் தண்ணீரில் குழைத்த பூச்சு வெளுத்து உதிரும் என்பது மேசனான அவருக்குத் தெரியாதா? வயல் பக்கத்திலிருந்து லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் பரல் பரலாக நல்ல தண்ணீர் கொண்டுவந்து இறக்குவார். அதில் ஒரு சொட்டும் குசினிக்குள் போகாது. "பூச்சு முடியட்டும், பிறகு குடிப்பம்" என்பார். அவருடைய மனைவி நஜ்முன் நிஸா மச்சி கிணற்றுத் தண்ணீரில் பால்தேத்தண்ணி போட்டால் பால் திரைந்துவிடும். ஆகவே அந்த வீட்டில் இஞ்சி போட்ட, பாலில்லாத பிளேன்ரீ மட்டும்தான். இஞ்சி உப்பை மறைத்துவிடும் என்பது மச்சியின் நம்பிக்கை. மறைக்காது. பக்கத்து வளவுக்காரன் என்பதால் நான் அதைப் பலமுறை குடித்திருக்கிறேன்.

வீடு யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டும். இளைய மகள் ரிஸ்லாவுக்கு. எங்கள் குறிச்சியில் பெண்பிள்ளை கலியாணம் முடித்து வெளியே போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். பெண்ணின் வாப்பா வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், அதுவும் தாயின் வளவுக்குள், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். இது நல்லதா கெட்டதா என்று படித்தவர்கள் கூட்டம் போட்டுப் பேசட்டும், நடைமுறை இதுதான். மூத்தவள் அசனாவுக்கு முன்பக்கம் ஒரு வீடு கட்டியாயிற்று. அவள் மீன் பொரித்தால் தாய்க்கு வாசம் வரும். பிள்ளை அழுதால் மச்சி இங்கிருந்தே "என்னடி செய்ற அந்தப் புள்ளைக்கு?" என்று சத்தம் போடுவார். பின்வளவு ரிஸ்லாவுக்கு என்று அவள் பிறந்த அன்றைக்கே எழுதாமல் எழுதிவைத்ததுதான்.

வளவு கடலுக்குக் கிட்ட, முழுக்க மணல். நடுவில் பழைய கிணறு. எட்டிப் பார்த்தால் முகம் தெரியும், அவ்வளவு மேலே தண்ணீர் கிடக்கும். பங்குனி, சித்திரையிலும் இனிக்கும். அதெல்லாம் முந்திய கதை. இப்போது மாரி பிந்தித்தான் வருகிறது. வந்தாலும் ஒரு கிழமைக்குள் ஊரையே தூக்கிக்கொண்டு போவதுபோலக் கொட்டிவிட்டு நின்றுவிடுகிறது. பிறகு தூறல்கூட இல்லை. கச்சான் காற்று நேரத்தோடே தொடங்கி மணலை வறுக்கிறது. முன்பு தோணி கட்டுகிற இடத்தோடு திரும்பிவிடுகிற கடல், நீரேற்ற நாட்களில் இப்போது பள்ளிவாசல் ரோட்டு வாய்க்கால்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. தென்னைகள் குரும்பையைக் கொட்டின. பழைய கிணற்றில் மெல்ல ஒரு கரிப்பு வந்தது. குழாய்த் தண்ணீர் பெரிய ரோட்டுவரை வந்து நிற்கிறது. எங்கள் ஒழுங்கைக்கு வரும் வரும் என்கிறார்கள்.

காக்கா ஒரு முடிவெடுத்தார். ரிஸ்லாவின் வீட்டுக்குப் பின்னால் புதுக்கிணறு, நல்ல ஆழமாக. "அத்திவாரம் ஆழமாப் போனா வீடு உறுதி. கிணறும் அப்படித்தான்" என்றார். மேசனின் புத்தி வேறெப்படிப் போகும்?

ரிஸ்லா மறித்தாள். அவள் கெம்பஸில் படித்தவள். படிப்பு முடித்தபின் கொஞ்சக் காலம் கரையோரக் கிணறுகளின் உப்பை அளந்து திரிந்த ஒரு குழுவோடு வேலை செய்தாள். இப்போது பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். அன்று அசனாவின் வீட்டில், பிள்ளைக்குக் காய்ச்சி ஆறவைத்த பால் மேசையில் இருந்தது. நானும் அங்கே இருந்தேன்.

"வாப்பா, ஆழமாத் தோண்டாதீங்க. நம்மட மண்ணுக்குக் கீழ கடல்தண்ணி நிக்குது. மழத்தண்ணி அதுக்கு மேல மிதக்குது. நாம குடிக்கிறது அந்த மேல்தண்ணியத்தான்."

"கடல் அங்க இருக்கு. வளவு இஞ்ச இருக்கு. நடுவுல பள்ளிவாசல் ரோட்டு இருக்கு. ரோட்டத் தாண்டி எப்படிப் புள்ள வரும்?"

"ரோட்டுக்குக் கீழால வாப்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காக்கா என்னைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கிக்கொண்டேன்.

ரிஸ்லா பாலைக் காட்டினாள். "இந்த ஆடைதான் நமக்கு உள்ள தண்ணி. கரண்டிய மெல்லமா வச்சா ஆடை மட்டும் வரும். குத்தினா?" என்று கரண்டியைக் குத்தினாள். ஆடை கிழிந்து பால் மேலே வந்தது. "முந்தி மாதிரி மாசக்கணக்கில மழ பெஞ்சா ஆடை தடிக்கும். இப்ப மழ ஒரேயடியாக் கொட்டிட்டுக் கடலுக்கு ஓடுது, மண்ணுக்குள்ள இறங்குறல்ல. கடலும் உயந்து கீழருந்து தள்ளுது. ஆடை மெலிஞ்சு போச்சு. நீங்க அதக் குத்தப் போறீங்க."

"கடல் ஏன் உயருது?"

"உலகம் சூடாகுது வாப்பா. எண்ணெயும் கரியும் எரிச்சு எரிச்சு, அந்தப் புகை வெக்கைய வெளிய போக உடுறல்ல. தண்ணி சூடானாப் பெருக்கும். பனிமலையும் உருகிக் கடலுக்கு வருது."

"ஆரு எரிச்ச?"

"எல்லாரும்தான். நம்மளவிட மத்த நாட்டுக்காரங்கதான் கூட."

"அப்ப அவங்கட கிணத்துல உப்பு வரட்டும். எண்ட கிணத்துல என்னத்துக்கு வருது?"

ரிஸ்லா கரண்டியைக் கோப்பையிலேயே போட்டாள். அசனா, "ஐயோ, புள்ளைட பாலக் குத்தி உட்டுட்டாளே" என்று கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாம்பல்தீவிலிருந்து கிணறு வெட்டுகிற குணரத்தினம் வந்தான், மோட்டார் சைக்கிளில் மண்வெட்டியும் கயிறும் கட்டிக்கொண்டு, கூட இரண்டு பேரோடு. மணல் இடிந்து விழாமல் சீமெந்து வளையத்தை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, உள்ளே நின்று மண்ணை அள்ள அள்ள வளையம் தன் பாரத்தில் கீழே போகும். இடுப்பளவு தண்ணீரில் நின்று அள்ளுகிற வேலை. மேலே வந்தால் உதடு நீலமாக இருக்கும். மச்சி அவனுக்குப் புட்டும் மீன் ஆணமும் கொடுப்பார்.

"இன்னும் ரெண்டு வளையம் இறக்கு குணம்" என்றார் காக்கா.

"இறக்கலாம் நாநா. ஆனா ஒண்டு சொல்லிப்போட்டன். தண்ணி வரும் எண்டு சொல்லுவன். எப்பிடிப்பட்ட தண்ணி எண்டு சொல்லமாட்டன். பிறகு என்னோட கதைக்கக் கூடாது."

"நீயும் எண்ட மகளோட கூட்டா?"

"நான் ஏன் நாநா கூட்டுச் சேருறன்? மேல வந்து தேத்தண்ணி குடிச்சனான். அதில உப்பு. அதான் சொன்னனான்."

தண்ணீர் வந்தது. சும்மா வரவில்லை, பொங்கிக்கொண்டு வந்தது. குடித்துப் பார்த்தோம், பரவாயில்லை. காக்கா மோட்டர் பூட்டித் தண்ணீர்த் தாங்கி நிரப்பி, ஒழுங்கைக்கே கூப்பிட்டுக் கொடுத்தார். "அள்ளுங்க, அள்ளுங்க, மகள்ட கிணறு" என்று நின்றார். மகளைக் கண்டால் மட்டும், "எங்க உண்ட பால் ஆடை?" என்று சீண்டுவார். ரிஸ்லா பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடுவாள். பகல் முழுக்க மோட்டர் ஓடியது.

கொஞ்ச நாளில் புதுக்கிணறு கரித்தது. பிறகு எரித்தது. கடல்தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைவு என்று சொல்லலாம். அதோடு நின்றிருந்தால் அது அவருடைய பாடு. பழைய கிணறும் கெட்டது. அதன்பின் வேலிக்கு இந்தப் பக்கம் என் கிணறும் கெட்டது. இதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனமில்லை. என் பெண்சாதி அவித்த சோறு மஞ்சளித்தது, சவர்க்காரம் நுரைக்கவில்லை, முற்றத்து முருங்கை நின்ற நிலையில் செத்தது. "போய்க் கேளுங்களன்" என்றாள். போனேன். காக்கா புதுவீட்டுச் சுவருக்கு முன்னால் மட்டப்பலகையோடு நின்றார், முகத்தில் தாடி வளர்ந்திருந்தது. "தம்பி, இந்த மூலை நேரா இருக்கா பாருங்க" என்றார். நேராக இருந்தது. சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அப்போதுதான் வயல் பக்கத்து நல்ல தண்ணீர் பரல் பரலாக வரத் தொடங்கியது, சுவருக்கு.

மாப்பிள்ளை தோப்பூர். பெயர் அஸ்ஹான், திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை. தோப்பூரிலிருந்து போய்வருவதைவிட எங்கள் கிண்ணியா கிட்ட என்பதால் அவனுக்கு இந்த இடம் தோதாக இருந்தது. ரிஸ்லாவையும் பிடித்திருந்தது. அவளுக்கும்தான். அவன் பேரைச் சொன்னால் அவள் உப்புப் பார்க்கிற அளவுக் கோலைத் தலைகீழாகப் பிடிப்பாள் என்று அசனா கேலி பண்ணுவாள். இனி அவனுடைய தாய் சனூஸா வந்து வீட்டைப் பார்க்க வேண்டும். வீடு சரி என்றால்தான் நாள் வைக்கலாம். சனூஸா புருஷனை இழந்தபின் தனியாக நின்று வயல் செய்கிற மனுஷி. வரப்பில் நின்று உழவு மெசின்காரனை அதட்டுகிற வாய் என்று கேள்விப்பட்டிருந்தோம்.

அவர்கள் வருகிற நாளுக்கு மச்சி செய்த ஆயத்தத்தைப் பார்த்திருக்க வேண்டும். வயல் பக்கத்து நல்ல தண்ணீர் கேன் கேனாகக் குசினிக்குள் அடுக்கப்பட்டது. தேத்தண்ணிக்கு, சோற்றுக்கு, வட்டலாப்பத்துக்கு, குடிக்கிற கிளாசுக்கு, சாப்பிட்டுக் கை கழுவுகிற தண்ணீருக்குக்கூட. சுவரில் ஓரிடத்திலும் வெள்ளை பூக்கவில்லை. "ஒண்டும் காட்டிக் குடுக்காதீங்க" என்று என் பெண்சாதிக்கும் உத்தரவு.

சனூஸா தன் தம்பி இன்ஷாபையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். அறை அறையாகப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். சுவரைத் தட்டினார். "நல்ல கை வேலை காக்கா" என்றார். காக்காவின் முகத்தில் நீண்ட நாளைக்குப் பிறகு சிரிப்பு. சாப்பாடு முடிந்து பால்தேத்தண்ணி வந்தது. பால் திரையவில்லை. இன்ஷாப் இரண்டாம் கோப்பை கேட்டார். ஆண்கள் நாங்கள் முன்னறையில் கதிரைகளில் இருந்தோம். வேலை முடிந்ததுபோல காக்கா காலை நீட்டினார்.

அப்போது அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

"வுளு செய்யணும் மச்சி" என்று சனூஸா எழுந்தார்.

எல்லாவற்றுக்கும் தண்ணீர் கொண்டுவந்தவர்கள் இதை மறந்துபோனார்கள். ஒரு நாளைக்கு ஐந்து வேளை செய்கிற காரியம், அதுதான் நினைவுக்கு வரவில்லை. தொழ வேண்டுமென்றால் முகம் கை கால் கழுவ முன் வாய் கொப்பளிக்க வேண்டும். தோப்பூர் மனுஷியின் வாய்க்குள் எங்கள் கிணறு போகப் போகிறது.

அதற்குப் பிறகு உள்ளே நடந்ததை என் பெண்சாதிதான் சொன்னாள். மச்சி கேனைத் தூக்கி மகளின் கையில் திணித்தாராம். "இதை வாளியில ஊத்திக் குடு புள்ள, உண்ட காலப் புடிக்கிறன்" என்றாராம், குரல் வெளியே வராமல். ரிஸ்லா கேனை வாங்கினாள். வாங்கி நிலத்தில் வைத்தாள்.

"இண்டைக்கு வாளியில குடுக்கலாம் உம்மா. கலியாணம் முடிஞ்சு அடுத்த நாள் விடிய சுபஹுக்கு அவருக்கு எதில குடுக்கிற?"

மாமியைப் புதுவீட்டுக் குளியலறைக்குக் கூட்டிப்போய், தானே குழாயைத் திறந்துவிட்டாள். சனூஸா கையைக் கழுவினார். வாயில் தண்ணீர் எடுத்தார். துப்பினார். இரண்டாம் தடவையும் எடுத்தார், மூன்றாம் தடவையும் எடுத்தார், குறைக்கவில்லை. மூக்குக்கும் அப்படியே. கண் சிவந்துவிட்டது. ரிஸ்லா பக்கத்தில் துவாயோடு நின்றாள்.

தொழுகை நீண்டது. முடித்து வந்து முன்னறைக் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டார்.

"காக்கா, நாங்க குடிச்ச தேத்தண்ணி ஆருட கிணத்துத் தண்ணி?"

காக்கா கூரையைப் பார்த்தார். இன்ஷாப் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வயல் பக்கத்துத் தண்ணி" என்றார் காக்கா.

"வுளுவுக்குக் கடல்தண்ணியும் கூடும். அதில நான் குற சொல்லல்ல. தேத்தண்ணிக்குக் கூடாதே."

எனக்குக் காக்காமேல் அன்று கோபமே இல்லாமல் போனது. என் கிணறு கெட்டதைக்கூட மறந்து அவர் பக்கம் பேச வாயெடுத்தேன். அதற்குள் சனூஸாவே தொடர்ந்தார்.

"வீடு வடிவான வீடு. புள்ள எனக்குப் புடிச்ச புள்ள. குழாயத் துறந்து உட்டுட்டு முகத்தப் பாத்துக்கிட்டு நிண்டாளே, அதுக்காகவே புடிச்சிருக்கு. ஆனா நாளைக்குப் புள்ளகுட்டி வந்தா இந்தத் தண்ணியில எப்படி வளக்கிற? எங்கட வீட்டுக் கிணறு நல்ல தண்ணி. புள்ளயத் தோப்பூருக்குத் தாங்க."

"மகளைக் கூட்டிக்கிட்டுப் போறதா?" காக்கா எழுந்துவிட்டார். "எண்ட ரெண்டு கையாலயும் கட்டின வீடு இது. பொம்புளப் புள்ளைக்கு வீடு குடுக்க வக்கில்லாத வாப்பா எண்டு ஊர் சொல்லாதா?"

"ஊரும் இந்தத் தண்ணியத்தானே குடிக்குது காக்கா?" என்றார் சனூஸா. "யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

அவர்கள் போனபின் அந்த வீட்டில் நடந்த சண்டையை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு கிழமைக்கு மேலாகக் கேட்டோம். மச்சி மகளோடு பேசாமல் இருந்து, பிறகு விடாமல் பேசினார். "ஆத்துக்கு அங்கால குடுக்கவா உன்னப் பெத்த? நான் ராவையில கூப்பிட்டா ஆரு வருவா? உண்ட வாய மூடிக்கிட்டு ஒரு வாளி தண்ணி குடுத்திருந்தா இந்த வில்லங்கம் வந்திருக்குமா?" காக்கா தண்ணீர்ப் பவுசர் என்றார், பெரிய தாங்கி என்றார், உப்புப் பிரிக்கிற மெசின் என்றார். கோபத்தில் மோட்டரைத் தொடவே இல்லை. புதுவீட்டைப் பூட்டிவிட்டார்.

ஒரு பின்னேரம் ரிஸ்லா அளவுக் கோலைப் பழைய கிணற்றில் இறக்கிப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம்.

"கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்றாள்.

"என்னது?" என்றார் மச்சி.

"உப்பு. மோட்டர் நிண்டதால. ஆடை கொஞ்சம் கொஞ்சமாத் திரும்புது. இந்த மாரிக்கு நல்ல மழ பெஞ்சா இந்தக் கிணறும், பக்கத்து வளவுக் கிணறும் குடிக்கிற மாதிரி வரும். அதுக்குப் பிறகு எத்தின வருஷத்துக்கு எண்டு என்னால சொல்ல ஏலா. கடல் உயர்றது நிக்காது." கோலைத் துடைத்தாள். "வாப்பா, இந்த வளவு ரெண்டு குடும்பத்துக்குத்தான் தண்ணி தரும். மூணாவது அடுப்பு எரிஞ்சா மூணுக்கும் உப்புத்தான். மூணாவது நான்தான் வாப்பா."

"அப்படிச் சொல்லாதடி!" என்று மச்சி அவள் வாயைப் பொத்தினார். பொத்திய கை அப்படியே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. தாயும் மகளும் அழுதார்கள், அசனாவும் அழுதாள். காக்கா அழவில்லை. பின்வளவுக்குப் போய்ப் புதுக்கிணற்றுக் கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். இருட்டும்வரை எழும்பவில்லை.

அடுத்த கிழமை குணரத்தினம் மறுபடியும் வந்தான். "வெட்டினதும் நான், மூடுறதும் நான்" என்றான். காக்கா சிரிக்கவில்லை. அடியில் களிமண்ணை இறக்கி இடித்து, மேலே மணலை நிரப்பினார்கள். ரிஸ்லா சொன்ன முறைப்படிதான். காக்கா சும்மா நிற்கவில்லை, தானும் மண்வெட்டி எடுத்தார். கிணறு மூடுகிற வேலையையும் மட்டம் பார்த்துத்தான் செய்தார்.

நிக்காஹ் பள்ளிவாசலில் நடந்தது. அதுவரை எல்லாம் எங்களுக்குத் தெரிந்த மாதிரிதான். பின்னேரம் வேன் வந்து படலையடியில் நின்றபோதுதான் திகைத்துப்போனோம். மாப்பிள்ளையை வரவேற்க எங்களுக்குத் தெரியும். பெண்ணை வழியனுப்பிப் பழக்கமில்லை. என்ன சொல்ல வேண்டும், யார் முன்னால் போக வேண்டும், வேன் கதவை யார் மூட வேண்டும், ஒன்றும் தெரியாது. எல்லோரும் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோம். அஸ்ஹான்தான் பாவம், தான் ஏதோ களவெடுத்துக்கொண்டு போவதுபோலத் தலையைக் குனிந்து நின்றான். கடைசியில் காக்கா வந்து மகளின் பெட்டியை வேனுக்குள் வைத்தார். வைத்த பெட்டியை ஒருமுறை வெளியே எடுத்தார். பிறகு மறுபடியும் வைத்தார். சனூஸா மச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். வேன் போனது.

மாரி பிந்தித்தான் வந்தது. ஆனால் இந்த முறை ஒரேயடியாகக் கொட்டாமல் விட்டு விட்டுப் பெய்தது. என்ன நினைத்ததோ தெரியாது. ஒவ்வொரு நாளும் காலையில் என் பெண்சாதி கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். ஒரு நாள் "இஞ்ச வாங்க, இஞ்ச வாங்க" என்று கத்தினாள். ஓடிப்போய்க் குடித்தேன். இனிப்பென்று சொல்ல முடியாது, ஆனால் தண்ணீர். நேரே வேலியைத் தாண்டிக் காக்கா வீட்டுக்குப் போனேன். அங்கும் பழைய கிணற்றடியில் ஆட்கள். மச்சி அடுப்பில் பால்தேத்தண்ணி போட்டார். எல்லோரும் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தோம். பால் திரையவில்லை. காக்கா ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தார்.

ரிஸ்லாவே தோப்பூரிலிருந்து போன் எடுத்தாள். மச்சி ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"தண்ணி எப்படி உம்மா? இஞ்ச நல்ல மழ."

"நல்லா இருக்கு மகள். பால் திரையல்ல. வாப்பா குடிச்சிட்டார்."

"அல்ஹம்துலில்லாஹ்! மெய்யாவா?" அவள் சத்தமாகச் சிரித்தாள். வாத்தியாரின் குரல் உடனே வந்துவிட்டது. "உம்மா, சந்தோசத்துல மோட்டரக் கொண்டுவந்து அதில பூட்டிராதீங்க. வாளியால அள்ளுங்க. தேவைக்குக் கூட இறைச்சா திரும்பவும் சவராப் போகும், கேட்டீங்களா?"

மச்சி கோப்பையை மேசையில் வைத்தார்.

"கூட இறைக்கிறதுக்குத்தான் நீ இல்லையே, மகள்."

மழை கூரையில் விழுகிற சத்தம் போனில் அங்கிருந்தும் கேட்டது, இங்கும் கேட்டது.